ஸ்மாஷ் பிரதர்ஸ் தொடரில் பிற கேம்களின் சாயல்கள்: பார்க்கக் கிடைப்பவையும் ஆடக் கிடைப்பவையும்

#1 தகடுமனிதன் எழுதியது:

பல விளையாட்டுகளின் கதாபாத்திரங்கள் ஒரே மேடையில் மோதிக்கொள்ளும் நிண்டெண்டோவின் சண்டை விளையாட்டான சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் தொடரைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் அது தலைக்கணக்கில் போய் நின்றுவிடுகிறது. 1999-இல் நிண்டெண்டோ 64-க்கு வந்த முதல் பாகத்தில் 12 பேர் இருந்தார்கள். 2018-இல் ஸ்விட்ச்சுக்கு வந்த அல்டிமேட், 2021-இல் கடைசி வீரனாகச் சோராவைச் சேர்த்துக்கொண்டு முடிந்தபோது அந்த எண்ணிக்கை 89 ஆகியிருந்தது. இந்தக் கணக்கு என்னைப் பெரிதாகக் கவர்ந்ததில்லை. உரிமம் வாங்கவும் உருவம் வரையவும் பணமும் ஆளும் இருந்தால் யாரை வேண்டுமானாலும் மேடையேற்றலாம். வந்த கதாபாத்திரம் தன்னுடைய பழைய விளையாட்டை ஆடும் முறையையும் கூடவே கொண்டு வந்ததா என்பதைத்தான் இந்த இழையில் பேச விரும்புகிறேன்.

என் பெயரைப் பார்த்தாலே எங்கே தொடங்கப்போகிறேன் என்பது புரிந்திருக்கும். மிஸ்டர் கேம் அண்ட் வாட்ச் என்று ஒரு கதாபாத்திரம் முன்பு எந்த விளையாட்டிலும் இருந்ததில்லை. 1980-இலிருந்து வெளிவந்த கையடக்க எல்.சி.டி. கருவிகளில் ஓடிக்கொண்டிருந்த பெயரில்லாத கறுப்பு உருவங்களை எல்லாம் திரட்டி, 2001-இல் வந்த மெலீ பாகத்துக்காக ஒரே ஆளாக ஆக்கினார்கள். அவர் கையில் இருக்கும் வாளியை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் வந்த 'ஆயில் பேனிக்' கருவியில் மேலே குழாயிலிருந்து எண்ணெய் சொட்டும். அதை வாளியில் பிடிக்க வேண்டும். மூன்று சொட்டு சேர்ந்ததும் வாளி நிறைந்துவிடும். உடனே கீழ்த்தளத்தில் பீப்பாயோடு நிற்பவரிடம் கொட்டிவிட வேண்டும். ஸ்மாஷில் எதிரி எய்யும் ஆற்றல் குண்டுகளை அவர் அதே வாளியில் பிடிக்கிறார். மூன்று பிடித்ததும் வாளி நிறைகிறது. நான்காவது முறை பொத்தானை அழுத்தினால் மொத்தமும் எதிரியின் தலையில் கொட்டுகிறது. வாளி என்ற பொருள் மட்டும் வந்திருந்தால் அது வெறும் அலங்காரம். இங்கே மூன்று என்ற கணக்கும், நிறைந்த பிறகு அதை எங்கே கொட்டுவது என்ற பதற்றமும் சேர்ந்தே வந்திருக்கின்றன.

அவருடைய சுத்தியலும் இதே வகைதான். 'ஜட்ஜ்' கருவியில் இருவரும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஏதாவது ஓர் எண்ணைத் தூக்கிக் காட்டுவார்கள். பெரிய எண் வைத்திருப்பவர் அடிக்க வேண்டும், மற்றவர் தப்ப வேண்டும். ஸ்மாஷிலும் ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஏதோ ஓர் எண் விழுகிறது. ஒன்பது விழுந்தால் எதிரி மேடையை விட்டே பறக்கிறான். ஒன்று விழுந்தால் அடித்தவருக்கே அடி.

இப்படி, ஆடும்போது கைக்குத் தெரிகிற சாயல்களை இங்கே சேர்த்துக்கொண்டே போகலாம் என்று நினைக்கிறேன்.

#2 நீலக்குண்டு எழுதியது:

அப்படியானால் முதல் வரிசையில் மெகா மேனை உட்கார வைக்க வேண்டும். 2014-இல் 3டி.எஸ்., வீ யூ இரண்டுக்கும் வந்த நான்காம் பாகத்தில் அவர் அறிமுகமானபோது, சாதாரணக் குத்துக்குரிய பொத்தானை அழுத்தினால் குத்து வருவதில்லை, கைத்துப்பாக்கிதான் சுடுகிறது என்பதே பலருக்கு விசித்திரமாக இருந்தது. பழைய மெகா மேனில் நடந்துகொண்டே சுடலாம். திரையில் ஒரே சமயத்தில் மூன்று குண்டுகளுக்கு மேல் இருக்க முடியாது. ஸ்மாஷிலும் அவர் நடந்துகொண்டே சுடுகிறார், மூன்று மூன்றாகவே சுடுகிறார். மற்றத் தாக்குதல்களில் பெரும்பாலானவை அவர் தன் விளையாட்டில் தோற்கடித்த ரோபோ மாஸ்டர்கள் என்ற தலைமை எதிரிகளிடமிருந்து எடுத்துக்கொண்டவை. மெட்டல் பிளேடும் கிராஷ் பாம்பரும் இரண்டாம் பாகத்து ஆயுதங்கள் என்பது அந்த வரிசையை ஆடியவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். எதிரியை வென்று அவன் ஆயுதத்தைப் பெறுவது என்ற அந்த விளையாட்டின் அடிப்படை விதி, இங்கே ஒரு வீரனின் தாக்குதல் பட்டியலாகவே மாறியிருக்கிறது.

பாக்-மேனையும் விட்டுவிடக் கூடாது. செர்ரியில் தொடங்கி ஸ்ட்ராபெரி, ஆரஞ்சு, ஆப்பிள், முலாம்பழம், கேலக்ஸியன் கப்பல், மணி, சாவி என்று அவர் கையிலிருக்கும் பொருள் பழைய ஆர்கேட் வரிசைப்படியே மாறுகிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாகப் பறக்கிறது. தண்ணீர்க் குழாய்த்தூண் பாக்-லேண்டிலிருந்து வந்தது. அவர் குதித்தெழும் டிராம்போலின் மாப்பியிலிருந்து வந்தது. ஒரு வீரனுக்குள் நாம்கோ நிறுவனத்தின் ஒரு காலகட்டமே அடங்கியிருக்கிறது.

#3 பழங்கன்சோல் எழுதியது:

தகடுமனிதன் அவர்களே, உங்கள் பிரிவினையில் எனக்கு உடன்பாடு பாதிதான். ஆடக் கிடைப்பவைதான் உயர்ந்தவை, பார்க்கக் கிடைப்பவை வெறும் அலங்காரம் என்று வைத்துவிட்டால் இந்தத் தொடர் செய்த பெரிய வேலை ஒன்று கணக்கில் வராமலே போய்விடும்.

மெலீயில் முந்நூறுக்குச் சற்றுக் குறைவான சிறு சிலைகள் இருந்தன. டிரோஃபி என்று பெயர். ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம். கீழே சில வரிகளில் அந்தக் கதாபாத்திரம் யார், எந்த விளையாட்டில் வந்தது, எந்த ஆண்டு என்று எழுதியிருக்கும். ஜப்பானை விட்டு வெளியே வராத எத்தனையோ கேம்கள் இருப்பதே அந்தச் சில வரிகளால்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. மார்த்தும் ராயும் சிறந்த உதாரணம். ஃபயர் எம்பளம் தொடர் ஜப்பானில் 1990-இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் மெலீ வந்தபோது அந்நாட்டுக்கு வெளியே ஒரு பாகம்கூட வெளியாகியிருக்கவில்லை. மேற்கத்திய ஆட்டக்காரர்களுக்கு அந்த இருவரும் முகம் தெரியாத வாள்வீரர்கள். அவர்கள் யார் என்ற ஆர்வம் வளர்ந்ததும், 2003-இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு ஒரு ஃபயர் எம்பளம் ஆங்கிலத்தில் வந்ததும் தொடர்பற்ற செய்திகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ராயின் விஷயம் இன்னும் சுவையானது. அவர் கதாநாயகனாக வரும் விளையாட்டு ஜப்பானில் 2002 மார்ச்சில்தான் வெளியானது. மெலீயோ 2001 நவம்பரிலேயே வந்துவிட்டது. ஆக, அவர் எந்த விளையாட்டை நினைவூட்டுகிறாரோ அது அப்போது கடைக்கே வந்திருக்கவில்லை. இதை நினைவூட்டல் என்பதா, முன்கூட்டிய விளம்பரம் என்பதா?

2008-இல் வந்த பிராலில் 'மாஸ்டர்பீஸ்' என்ற பகுதியில் பழைய விளையாட்டுகளையே சில நிமிடங்கள் ஆடிப் பார்க்க விட்டார்கள். அல்டிமேட்டில் சிலைகளும் இல்லை, அந்த விளக்க வரிகளும் இல்லை. அவற்றுக்குப் பதிலாக வந்த 'ஸ்பிரிட்' என்பது ஒரு பழைய படமும் ஒரு பெயரும் மட்டுமே. என்னைக் கேட்டால் இந்தத் தொடருக்கு நேர்ந்த மிகப் பெரிய இழப்பு அதுதான்.

#4 தகடுமனிதன் எழுதியது:

விளக்க வரிகள் போனது இழப்புதான். அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் ஸ்பிரிட்டை ஒரு படம் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியுமா? அதைப் பெறுவதற்கு ஒரு சண்டை போட வேண்டும், அந்தச் சண்டையே ஒரு புதிர். மேடைக்கு வர முடியாத ஒரு கதாபாத்திரத்தை, இருக்கிற வீரர்களையும் மேடைகளையும் விதிகளையும் இசையையும் வைத்தே ஒப்பேற்றிக் காட்டுகிறார்கள். எக்ஸைட்பைக் ஸ்பிரிட்டுக்கு வாரியோக்கள் பைக்கில் ஏறிச் சீறி வருகிறார்கள். பைக் ஓட்டத் தெரிந்த வீரர் அவர்தானே! ஆளே இல்லாமல் ஒரு விளையாட்டை நடித்துக் காட்டுவது, தெருக்கூத்தில் ஒரே நடிகர் துண்டை மாற்றிப் போட்டுக்கொண்டு ராஜாவாகவும் காவலாளியாகவும் வருவதைப் போன்ற ஒரு கலை.

#5 மூன்றாம்_உயிர் எழுதியது:

இதுவரை எல்லோரும் பழைய விளையாட்டிலிருந்து ஸ்மாஷுக்கு வந்தவற்றைப் பற்றியே பேசுகிறீர்கள். எதிர்த்திசையில் போனவையும் உண்டு.

கேப்டன் ஃபால்கன் 1990-இல் வந்த எஃப்-ஜீரோவின் ஓட்டுநர். அந்தப் பந்தய விளையாட்டில் அவர் வண்டியை விட்டு இறங்கியதே இல்லை. அவர் எப்படி அடிப்பார், எப்படி உதைப்பார் என்று பார்த்து எழுத எந்த மூலமும் இல்லை. ஸ்மாஷ் உருவானதற்கு முன், அதன் இயக்குநர் மசாஹிரோ சகுராயும் நிரலாளர் சதோரு இவாதாவும் 'டிராகன் கிங்' என்ற பெயரில், முகமற்ற உருவங்களை வைத்து ஒரு மாதிரி விளையாட்டைச் செய்து பார்த்தார்கள். நிண்டெண்டோ கதாபாத்திரங்கள் அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தார்கள். அந்த முகமற்ற வீரனின் அசைவுகளுக்கு மிக நெருக்கமானவர் ஃபால்கன்தான் என்று சகுராயே சொல்லியிருக்கிறார். ஆக, உலகம் முழுவதும் கூவித் திரிகிற அந்த 'ஃபால்கன் பஞ்ச்' எஃப்-ஜீரோவில் பிறந்ததன்று, ஸ்மாஷில் பிறந்தது. பிறகு 2003-இல் தொடங்கிய எஃப்-ஜீரோ அனிமேத் தொடரின் கடைசிப் பகுதியில் அந்தக் குத்து இடம்பெற்றது. மகன் வழியாகத் தந்தைக்குச் சொத்து போன கதை இது.

ஜெல்டா தொடரின் வில்லன் கானன்டார்ஃபும் இப்படித்தான், கொஞ்சம் வேறு விதமாக. 2000-ஆம் ஆண்டு ஸ்பேஸ் வேர்ல்ட் கண்காட்சியில் கேம்கியூபின் திறனைக் காட்ட, ஜெல்டா நாயகன் லிங்க்கும் கானன்டார்ஃபும் வாளால் மோதும் ஒரு சிறு காட்சியை நிண்டெண்டோ திரையிட்டது. ரசிகர்கள் அதுவே அடுத்த ஜெல்டா என்று நம்பினார்கள். வந்தது வேறு பாணியில் வரையப்பட்ட விண்ட் வேக்கர். அந்தக் காட்சியில் இருந்த வாள் மெலீயில் கானன்டார்ஃபின் கையில் ஒரு போஸுக்காக மட்டும் இருந்தது; சண்டையில் அவர் அதைத் தொடவே மாட்டார். ஃபால்கனின் அசைவுகளைக் கடன் வாங்கிக் கையாலேயே அடித்துக்கொண்டிருந்தார். அல்டிமேட்டில்தான் அவருடைய வலுவான தாக்குதல்கள் அந்த வாளுக்கு மாறின. வெளிவராத ஒரு விளையாட்டின் வாள், 18 ஆண்டுகள் கழித்து முதல்முறையாக வீசப்பட்டது! இது பார்க்கக் கிடைப்பதா, ஆடக் கிடைப்பதா என்று தகடுமனிதன்தான் சொல்ல வேண்டும்.

#6 பழங்கன்சோல் எழுதியது:

அவர் யோசிக்கட்டும். அதற்குள் நான் ஒரு புகாரை வைக்கிறேன்: நெஸ். எர்த்பவுண்ட் விளையாட்டில் நெஸ்ஸால் பி.கே. ஃபயர் என்ற நெருப்பையோ பி.கே. தண்டர் என்ற மின்னலையோ கற்றுக்கொள்ளவே முடியாது. அவை அவனுடைய தோழி பாலாவின் ஆற்றல்கள். முதல் ஸ்மாஷிலிருந்து இன்றுவரை அவன் அவற்றைத்தான் வீசிக்கொண்டிருக்கிறான். எர்த்பவுண்டை ஆடாமல் ஸ்மாஷை மட்டும் ஆடியவர்கள், அந்த விளையாட்டை முதன்முதலாகத் தொடும்போது 'நெஸ் ஏன் நெருப்பை வீசவில்லை' என்று கேட்கிறார்கள். ஆடக் கிடைப்பது என்பதாலேயே ஒரு சாயல் உண்மையாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

#7 நீலக்குண்டு எழுதியது:

பாலாவிடமும் 'பூ' என்ற இன்னொரு தோழனிடமும் கற்றுக்கொண்டான் என்று டிரோஃபி விளக்கத்திலேயே ஒரு சமாதானம் சொல்லப்பட்டிருக்கிறது. நீங்கள் போற்றும் அதே விளக்க வரிகள்தான்!

சமாதானம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு குழுவாக ஆடும் ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும் கதை விளையாட்டு) ஒன்றிலிருந்து ஒருவனை மட்டும் தனியே பிரித்து மேடையில் நிறுத்தினால், அவன் குழுவின் ஆற்றல்களையும் சுமந்துதான் ஆக வேண்டும். நெஸ் தன் ஒருவனை மட்டும் அங்கே பிரதிநிதித்துவம் செய்யவில்லை. அந்த நால்வரையும் சேர்த்துச் செய்கிறான்.

#8 ஆட்டக்கணக்கு எழுதியது:

போட்டி ஆட்டக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. நீங்கள் கொண்டாடும் சாயல்களில் பாதி எங்கள் மேடைகளில் இருப்பதில்லை. போட்டிகளில் மேடையின் இடையூறுகளை அணைத்துவிடுகிறோம், பொருள்கள் விழுவதையும் நிறுத்திவிடுகிறோம். மெகா மேனின் மேடையான வைலி கோட்டையில் துண்டு துண்டாகப் பறந்து வந்து ஒன்றுசேரும் எல்லோ டெவில் என்ற பூதத்தைப் போட்டி ஆட்டத்தில் யாரும் பார்த்திருக்க முடியாது.

எஞ்சி நிற்பவை வீரனின் உடலோடு ஒட்டியிருக்கும் சாயல்கள் மட்டும்தான். அவற்றில் நான் முதலிடம் தருவது ஸ்ட்ரீட் ஃபைட்டர் நாயகன் ரியூவுக்கு. ஸ்மாஷின் அடிப்படைக் கொள்கையே, ஒரு பொத்தானும் ஒரு திசையும் போதும், சிக்கலான கட்டளைகள் வேண்டாம் என்பது. 2015-இல் ரியூ வந்தபோது அந்தக் கொள்கைக்கு ஒரு வாசல் திறந்தார்கள். ஒற்றைப் பொத்தானில் ஹடோகென் என்ற ஆற்றல் குண்டு வரும். ஆனால் கீழே, சாய்வாக, முன்னே என்று குச்சியைச் சுழற்றி அழுத்தினால் இன்னும் வலிமையான ஹடோகென் வரும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஆடிப் பழகிய கட்டைவிரலுக்கு இங்கே தனிச் சன்மானம் உண்டு. அல்டிமேட்டில் ஒருவருக்கு ஒருவர் ஆடும்போது ரியூவும் கென்னும் தாமாகவே எதிரியின் பக்கம் திரும்பி நிற்கிறார்கள். பிறகு பிற சண்டை விளையாட்டுகளிலிருந்து வந்த டெர்ரிக்கும் கசுயாவுக்கும் அப்படியே வைத்தார்கள். கேட்பதற்கு இது அற்ப மாற்றம். ஆனால் பின்னோக்கி நடப்பது என்ற ஒன்றே ஸ்மாஷில் அதற்கு முன் கிடையாது. மற்றவர்கள் பின்பக்கம் குச்சியைத் தள்ளினால் முதுகைக் காட்டித் திரும்பிவிடுவார்கள். ரியூ எதிரியைப் பார்த்தபடியே ஓரடி பின்வாங்குகிறார். அந்த ஓரடியில் எதிரியின் உதை காற்றில் போகிறது, உங்கள் உதை விழுகிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டரின் இதயமே அந்த இடைவெளிக் கணக்குதான்.

டெர்ரிக்கு இன்னொன்று சேர்த்தார்கள். ஸ்மாஷில் அடிபட அடிபட ஏறும் காயக் கணக்கு அவருக்கு 100 விழுக்காட்டை எட்டினால்தான் பவர் கீசர், பஸ்டர் வுல்ஃப் என்ற பேரடிகள் திறக்கும். உயிர் குறைந்தவனுக்கே கடைசி ஆயுதம் என்ற ஃபேட்டல் ஃபியூரி காலத்து விதியின் நேரடி வாரிசு அது.

#9 தகடுமனிதன் எழுதியது:

கானன்டார்ஃபின் வாளுக்கு வருகிறேன். மெலீயில் அது பார்க்கக் கிடைத்தது, அல்டிமேட்டில் ஆடக் கிடைக்கிறது. ஆனால் ஆடிப் பார்க்க மூலமே இல்லாததால் அது எந்த விளையாட்டின் முறையையும் கொண்டுவரவில்லை. ரசிகர்களின் ஓர் ஏமாற்றத்துக்கு வைத்த மருந்து என்று அதைத் தனியாக வைத்துவிடலாம்.

ஆட்டக்கணக்கு அவர்களே, போட்டிகளைப் பற்றிச் சொன்னீர்கள். ஹீரோவைப் பற்றி ஏன் மௌனம்? டிராகன் குவெஸ்டின் உயிரே அந்த மெனுதான். அதன் நாயகனான ஹீரோவுக்குக் கீழ்த்திசையோடு சிறப்புப் பொத்தானை அழுத்தினால் நடுச்சண்டையில் நான்கு மந்திரங்களின் பட்டியல் விரிகிறது, ஒவ்வொன்றுக்கும் செலவாகும் எம்.பி. என்ற மந்திரப் புள்ளிக் கணக்கோடு. ஆர்.பி.ஜி.யில் பட்டியலைப் பார்த்து நிதானமாகத் தேர்ந்தெடுப்போம். இங்கே எதிரி பாய்ந்து வரும்போது வாசித்தாக வேண்டும். அவருடைய வலுவான வாள்வீச்சு சில சமயம் எதிர்பாராமல் இரட்டிப்பாக விழுவதும் டிராகன் குவெஸ்ட் வழக்கமே. என் பார்வையில் இந்தத் தொடரின் உச்சம் அதுதான்.

#10 ஆட்டக்கணக்கு எழுதியது:

மௌனத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்த உச்சத்தைத்தான் 2019-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் போட்டிச் சமூகம் தடை செய்தது. அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மந்திரங்களின் பெயர்கள் கன்சோலில் வைத்திருக்கும் மொழியில்தான் தோன்றும். ஜப்பானிய மொழியில் ஆடிப் பழகியவரும் ஆங்கிலத்தில் பழகியவரும் ஒரே திரையின் முன் அமர்ந்தால் இருவரில் ஒருவருக்குப் பட்டியல் புரியாது. மூல விளையாட்டுக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறதோ, அவ்வளவுக்குப் புதிய விளையாட்டின் நியாயத்தை அது இடித்துவிடுகிறது. ஹீரோவை எதிர்த்து ஆடி, ஒரே வீச்சில் தோற்றுவிட்டு, 'ஆனாலும் இது டிராகன் குவெஸ்டுக்கு எவ்வளவு பொருத்தம்' என்று ரசிக்கும் அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை இல்லை.

#11 சும்மாபார்ப்பவன் எழுதியது:

உரிமம் தடுத்த சாயல்களைப் பற்றி யாராவது சொல்லுங்கள். ஃபைனல் ஃபேண்டஸியின் கிளவுட் வந்தபோது இசை ஏன் அவ்வளவு குறைவாக இருந்தது?

#12 மூன்றாம்_உயிர் எழுதியது:

காரணம் என்று எதையும் அவர்கள் வெளிப்படையாக அறிவிக்கவில்லை. விளைவு மட்டும் தெரியும். 2015-இல் கிளவுட் வந்தபோது ஃபைனல் ஃபேண்டஸி VII-இலிருந்து இரண்டே இரண்டு இசைத்துண்டுகள் வந்தன. 2018-இல் அல்டிமேட் வெளியானபோதும் அந்த இரண்டுதான். இத்தனைக்கும் பின்னணியில் மிட்கார் மேடையில் இஃப்ரிட், ரமூ, ஓடின், லெவியாதன், பகாமுட் என்று அந்த விளையாட்டின் மாய உயிர்கள் எல்லாம் வந்து போயின. 2020 டிசம்பரில் அதே விளையாட்டின் வில்லன் செஃபிராத் வந்த பிறகே பிற இசையும் கூட வந்தது.

சோராவின் நிலை இன்னும் வேடிக்கை. டொனால்டும் கூஃபியும் இல்லாத கிங்டம் ஹார்ட்ஸை யாராவது கற்பனை செய்ய முடியுமா? ஸ்மாஷில் அவன் தனியாகத்தான் நிற்கிறான். டெர்ரியின் கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் மேடையில் பின்னணியில் எத்தனையோ எஸ்.என்.கே. நிறுவன வீரர்கள் வந்து போகிறார்கள், கவர்ச்சி உடையில் வரும் மாய் மட்டும் இல்லை. அங்கே தடை உரிமம் அன்று. இது எல்லா வயதுப் பிள்ளைகளுக்குமான விளையாட்டு என்பதால் அவரைச் சேர்க்கவில்லை என்று சகுராய் தன் விளக்கக் காணொளியில் பாதி நகைச்சுவையாகச் சொன்னார்.

மெட்டல் கியர் நாயகன் ஸ்னேக்கின் கோடெக் (வானொலிக் கருவி) உரையாடல்களும் என்னை உறுத்துகின்றன. ஷேடோ மோசஸ் மேடையில் ஒரு குறிப்பிட்ட முறையில் பொத்தானை அழுத்தினால், அவர் முழங்காலிட்டுக் கர்னலிடமோ ஓட்டகானிடமோ மே லிங்கிடமோ எதிரியைப் பற்றி விசாரிப்பார். அல்டிமேட்டில் அவை திரும்பி வந்தன; ஆனால் பிரால் காலத்து எதிரிகளைப் பற்றி மட்டும். மெகா மேனைப் பற்றிக் கர்னல் என்ன சொல்வார் என்பது இன்றுவரை தெரியாது.

#13 சும்மாபார்ப்பவன் எழுதியது:

நன்றி. கடைசியாக ஒன்று: டக் ஹன்ட் நாய் ஏன் துப்பாக்கியே வைத்திருப்பதில்லை? குண்டுகள் மட்டும் எங்கிருந்தோ வருகின்றனவே.

#14 தகடுமனிதன் எழுதியது:

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு மகிழ்ச்சி. முதல் பதிவிலேயே எழுத நினைத்து, நீளத்தை எண்ணி விட்டுவிட்டேன்.

1984-இல் வந்த டக் ஹன்ட்டில் துப்பாக்கி திரைக்குள் இல்லை. திரையை நோக்கிச் சுடும் பொம்மைத் துப்பாக்கியாக உங்கள் கையில் இருந்தது. வாத்து தப்பினால் புல்லுக்குள்ளிருந்து எழுந்து உங்களைப் பார்த்துச் சிரித்ததுதான் அந்த நாயின் வேலை. ஸ்மாஷிலும் சுடுபவர் திரைக்கு வெளியேதான் இருக்கிறார். நாயின் வலுவான தாக்குதல்களில் வெடிப்பவை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத அந்தப் பழைய ஆட்டக்காரரின் குண்டுகள். நாய் பதறிக் குனிந்து ஒதுங்குவதைக் கவனியுங்கள், சுடுவது தானல்ல என்று அதற்கும் தெரியும். அது உருட்டிவிடும் தகரக் குவளை 'ஹோகன்ஸ் ஆலி'யைச் சேர்ந்தது. முன்னால் வந்து நின்று சுடும் பழைய கௌபாய்கள் 'வைல்ட் கன்மேன்' விளையாட்டினர். மூன்றும் அதே ஆண்டில் அதே துப்பாக்கிக்காக வந்த விளையாட்டுகள். கௌபாய்கள் ஐவர், ஒவ்வொருவரும் சுட எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு. எனவே யார் வந்து நிற்கிறார் என்று பார்த்த நொடியிலேயே கேடயத்தை எப்போது தூக்குவது என்று எதிரி முடிவு செய்ய வேண்டும். எதிரே நிற்பவன் எப்போது துப்பாக்கியை உருவுவான் என்று காத்திருப்பதைத் தவிர 'வைல்ட் கன்மேன்' ஆட்டத்தில் வேறு வேலையே கிடையாது.